விருந்தாளிக்கு ஒரு கதவு

அகபா
10 ஜனவரி 1988

இன்திஸார் அண்ணிக்கு,

தமாம் எழுதுவது. வழக்கமாக முதலில் அண்ணன் சுகம், பிள்ளைகள் சுகம் என்று ஒவ்வொருவராக விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவேன். இந்தத் தடவை மனசு வரவில்லை. புதுக் கட்டிலும் புது அலமாரியும் வாங்கிப் போடுகிறவர்களுக்குச் சுகத்துக்கு என்ன குறைச்சல்?

நேற்று கரக்கிலிருந்து உம்மு ஃபவ்வாஸ் வந்திருந்தாள். உங்கள் எதிர்வீட்டு உம்மு ஃபவ்வாஸ்தான். மகள் பிரசவத்துக்காக இங்கே துறைமுகக் குடியிருப்பில் தங்கியிருக்கிறாள். டீயைக் கொடுத்துவிட்டு ஊர்ச் செய்தி கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"உங்க அண்ணி அந்தக் கிழக்கு ரூம என்னமா மாத்தி வச்சிருக்கா தெரியுமா? ஓட்டல்ல கூட அப்படிக் கெடையாது. ஜன்னல இடிச்சுட்டுத் தெருப்பக்கம் கதவு வச்சாச்சு. விருந்தாளி வீட்டுக்குள்ள வராமலே நேரா ரூமுக்குப் போயிடலாம்."

"எந்தக் கிழக்கு ரூம்?" என்று கேட்டேன்.

"எந்த ரூமா? உன் ரூம்தான்டி."

என் அறை. நான் பிறந்து வளர்ந்த வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே அறை. அதன் ஜன்னலை இடித்த செய்தி எனக்கு எதிர்வீட்டுக்காரி வாயிலிருந்து வருகிறது. என் மரப்பெட்டி எங்கே போனது? அம்மாவின் கம்பளி மெத்தை எங்கே போனது? உம்மு ஃபவ்வாஸ் சொல்கிறாள், அதைப் பிரித்து, கம்பளியைத் துவைத்து, அடித்து, இரண்டு மெத்தையாகத் தைத்துவிட்டீர்களாம். கட்டில் மேல் மயில் போட்ட போர்வை விரித்திருக்கிறதாம். மயில், அண்ணி. கரக்கில் யார் மயிலைப் பார்த்தார்கள்?

ஒரு வார்த்தை கேட்டீர்களா? "தமாம், உன் அறையை எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று ஒரு வரி எழுத உங்களுக்கு என்ன கஷ்டம்? அண்ணனும் சம்மதித்திருக்கிறார் பாருங்கள். அவரை நான் என்ன சொல்வது.

எனக்கு அந்த அறை வேண்டும். பழையபடி வேண்டும். கதவை மூடிவிட்டு ஜன்னலை வைக்கச் சொல்லுங்கள்.

தமாம்


கரக்
19 ஜனவரி 1988

தமாமுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை படித்தபோது அடுப்பில் சோறு தீய்ந்தது. இரண்டாவது தடவை நானே தீய்ந்தேன்.

வருடத்துக்கு ஒரு தடவை வந்து நாலு நாள் இருந்துவிட்டு, உப்பு குறைச்சல், பிள்ளைகள் சத்தம் அதிகம் என்று குறை சொல்லிவிட்டுப் போகிறவள் நீ. மீதி நாளெல்லாம் அந்த அறை பூட்டிக் கிடந்தது. வெங்காயமும் பழைய சைக்கிளும்தான் அதில் குடியிருந்தன. எலி குட்டி போட்டதும் அங்கேதான். அப்போதெல்லாம் உன் அறை என்று ஒரு கடிதம் வரவில்லையே?

போன வருடம் பனி கொட்டிய வாரம் என்ன நடந்தது தெரியுமா? உன் அண்ணன் பள்ளிக்கூடத்துக்கு இர்பிதிலிருந்து கல்வி ஆய்வாளர் மனைவியோடு வந்திருந்தார். ரோடு அடைத்துவிட்டது. எங்கள் வீட்டில்தான் தங்கினார்கள். கூடத்தில் நம்ம ஐந்து பிள்ளைகளுக்கு நடுவே அந்த அம்மாவுக்குப் படுக்கை விரித்தேன். என் கடைக்குட்டி அந்த மெத்தையிலேயே ஈரம் பண்ணிவிட்டான். காலையில் அந்த அம்மா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, பாத்ரூம் எங்கே என்று உன் அண்ணனிடமே போய்க் கேட்டார்கள். இவர் வெட்கத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார். அன்றைக்கு முடிவு பண்ணினேன், இந்த வீட்டில் விருந்தாளிக்கு ஒரு அறை இல்லாமல் இன்னொரு குளிர்காலம் போகாது என்று.

இப்போது வந்து பார். தலைமாட்டில் கண்ணாடி பதித்த கட்டில் அம்மான் நகரத்திலிருந்து தக்காளி லாரி மேல் கட்டி வந்தது. திரைச்சீலை சிவப்பு வெல்வெட், கீழே தங்கக் குஞ்சம். மண்ணெண்ணெய் ஹீட்டர் அந்த அறைக்கென்றே தனியாக வாங்கியது. ஆணுக்கொரு ஜோடி, பெண்ணுக்கொரு ஜோடி செருப்பு. தொழுகை விரிப்பு திசை பார்த்துப் போட்டிருக்கிறது. மூடி போட்ட தண்ணீர்ச் சாடி, ஒரு கிண்ணம் பாதாம், சீப்பு, வாசனைத் தண்ணீர், டிஷ்யூ டப்பாவுக்கு நானே பின்னிய உறை. விருந்தாளி எதையும் வாய்விட்டுக் கேட்கக் கூடாது. கேட்க வைத்தால் அது வீட்டுக்கு அவமானம்.

மெத்தையைப் பற்றிக் கேட்டாய். உன் அம்மாவின் கம்பளி கட்டி கட்டியாகக் கிடந்தது. வெயிலில் காயப்போட்டு என் கையால் அடித்தேன். தோள் ஒரு வாரம் எழவில்லை. அதற்கு நன்றி வேண்டாம். திருட்டுப் பட்டமாவது கட்டாமல் இரு.

உன் மரப்பெட்டி பத்திரமாக என் அறையில் இருக்கிறது. கோடையில் வரும்போது அந்தக் கட்டிலிலேயே படுத்துக்கொள். எந்த விருந்தாளிக்கு நான் குறை வைத்தேன், உனக்குக் குறை வைக்க?

இன்திஸார்


அகபா
28 ஜனவரி 1988

அண்ணிக்கு,

விருந்தாளி. அதை உங்கள் கையாலேயே எழுதிவிட்டீர்கள். எழுதும்போது ஒரு நிமிஷம்கூடப் பேனா நிற்கவில்லையா?

அப்பா இறந்த பிறகு காஜி முன்னால் நான் என்ன சொன்னேன் என்று அண்ணனைக் கேளுங்கள். "எனக்கு இந்த வீட்டில் பங்கு வேண்டாம், எல்லாம் அண்ணனுக்கே" என்று சொன்னேன். நம் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். ஏன் சொல்கிறோம்? நாளைக்கு ஒரு கஷ்டம் என்றால் அண்ணன் வீட்டு வாசல் திறந்திருக்கும் என்றுதானே? பங்கைக் கொடுத்து வாங்கிய வாசல் அது. இப்போது அதே வீட்டில் நான் பாதாம் கிண்ணம் வைத்து வரவேற்கப்படுகிற ஆள்.

அந்த அறை அழகு என்று வேறு நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். மெத்தை மேல் பிளாஸ்டிக் உறையைக் கழற்றவே இல்லையாமே? விருந்தாளி திரும்பிப் படுத்தால் சரக் சரக் என்று தெருவே விழித்துக்கொள்ளும். தலைமாட்டில் கண்ணாடி வைத்துவிட்டு, தூக்கம் வராதவளைத் தன் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு கிடக்கச் சொல்கிறீர்களா? விளக்கு சுவிட்ச் கதவோரம், கட்டில் எதிர்க் கோடி. அணைத்துவிட்டுக் கட்டிலுக்கு வருவதற்குள் ஹீட்டரில் காலை இடித்துக்கொள்ள வேண்டும். சட்டை மாட்ட ஒரு கொக்கி இல்லை. கொண்டுவந்த பையை வைக்க ஒரு முக்காலி இல்லை. பை தரையில் கிடந்தால் எப்போதுடா கிளம்புவாய் என்று வீடே கேட்கிற மாதிரி இருக்கும். அது உங்களுக்குத் தெரியாது. இந்த ஒரு வருடத்தில் எத்தனையோ பேர் வீட்டில் அவர்கள் விரித்த படுக்கையில் படுத்து எழுந்தவள் நான். எனக்குத் தெரியும். ஒருத்திக்குத் தேவை சுத்தமான விரிப்பு, கனமான கம்பளி, கைக்கு எட்டும் விளக்கு. அப்புறம் யாரும் கண்டுகொள்ளாத ஒரு காலைப் பொழுது. மயிலும் குஞ்சமும் உங்கள் பெருமைக்கு.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அதற்குக் கோபப்படாமல் பதில் எழுதுங்கள். அந்தத் தெருக்கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறதா?

தமாம்


கரக்
5 பிப்ரவரி 1988

தமாம்,

கண்ணாடியைப் பற்றி நீ எழுதியதைப் படித்துவிட்டு நாள் முழுக்க உன்னைத் திட்டினேன். உன் அண்ணனிடம், "உங்க தங்கச்சிக்கு நாக்குல நெருப்புதான் இருக்கு" என்றேன். அவர், "அது அம்மா வழி" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

ஆனால் அந்தத் தாழ்ப்பாள். மாவு பிசையும்போது திடீரென்று கை நின்றுவிட்டது.

தாழ்ப்பாள் இல்லை. வெளியே பூட்டு இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை. விருந்தாளி யாருக்குப் பயந்து உள்ளே தாழ் போடுவாள்? நீ யாருக்குப் பயந்து கேட்கிறாய்? எத்தனையோ பேர் வீட்டில் படுத்து எழுந்தேன் என்கிறாயே, துறைமுகத்தில் வீடு வைத்துக் குடித்தனம் பண்ணுகிறவள் அடுத்தவர் வீட்டில் ஏன் படுக்கிறாய்?

உன் கணவர் நாயிஃப் மறுபடி ஆரம்பித்துவிட்டாரா? சுற்றி வளைக்காமல் எழுது. இல்லை என்றால் இல்லை என்று எழுது. நமக்குள் மயில் சண்டையைத் தொடரலாம், எனக்கும் சொல்ல நிறைய இருக்கிறது.

இன்திஸார்


அகபா
13 பிப்ரவரி 1988

அண்ணி,

இனிமேல் என் பெயருக்குக் கடிதம் போடாதீர்கள். மேல்மாடி உம்மு லுத்ஃபி பெயருக்குப் போடுங்கள். இதை அவள் வீட்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். அவள் எகிப்துக்காரி, கேள்வி கேட்க மாட்டாள், சூப்பு கொடுப்பாள். நான் படுத்து எழுந்த வீடுகளில் இதுவும் ஒன்று.

மறுபடி ஆரம்பிக்க நடுவில் எங்கே நிறுத்தினார்? போன வசந்தத்தில் கை ஒடிந்து உங்களிடம் வந்தேன். ஒரு மாசம் ஒழுங்காக இருந்தார். அப்புறம் பழைய குருடிதான். அவர் கை நீட்டாத நாளில் எங்களை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டு போகிறார். கோபக்காரர் என்று ஊரில் சொல்வார்கள். கோபம் வந்தவன் எதை வேண்டுமானாலும் உடைப்பான். இவர் தன் டீ கிளாஸை ஒரு நாளும் உடைத்ததில்லை. என்னைத்தான்.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். போன வாரம் என் குழந்தை ஹனீன் கையிலிருந்து கரண்டி விழுந்தது. அவளுக்கு இன்னும் ஆறு வயசுகூட ஆகவில்லை. கரண்டி தரையில் பட்டதும் இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு குந்திவிட்டாள். அவர் வீட்டில்கூட இல்லை. அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

போன தடவை நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நாயிஃபின் சித்தப்பா ஆறேழு பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். காப்பியைக் கையில் வாங்கினார், குடிக்காமல் முன்னால் வைத்தார். அவரைப் பார்த்து எல்லோரும் வைத்தார்கள்.

"எங்க மருமகளக் குடுத்தாத்தான் குடிப்போம்" என்றார்.

பெரியவர்கள் வைத்த காப்பி ஆறினால் வீட்டுக்காரனுக்கு எவ்வளவு கேவலம் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அண்ணன் ஒரு நிமிஷம் என் பக்கம் திரும்பிப் பார்த்திருக்கலாம். திரும்பவில்லை. "குடிங்க, குடிங்க. உங்களுக்கு இல்லாததா? உங்க பொருள் உங்க வீட்டுக்கு" என்றார். பொருள் என்றார் அண்ணி. நான் கட்டுப் போட்ட கையோடு கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அந்தக் காப்பியை வறுத்து, இடித்து, ஏலக்காய் போட்டுக் கொதிக்க வைத்தது நீங்கள்.

இந்தத் தடவை யாருக்கும் சொல்லாமல் வரலாம் என்று இருந்தேன். யாரையும் எதுவும் கேட்காமல் என் அறைக்குள் போய் உட்கார்ந்துவிடுவது. தன் அறையில் உட்கார்ந்திருக்கிறவளை எப்படிப் போ என்று சொல்வார்கள்? பைத்தியக்கார யோசனைதான். ஆனால் ராத்திரி அதை நினைத்துக்கொண்டுதான் தூங்குவேன். அப்போதுதான் உம்மு ஃபவ்வாஸ் வந்து மயில் கதை சொன்னாள்.

நான் ஏன் அப்படிக் கத்தினேன் என்று இப்போது தெரிகிறதா?

தமாம்


கரக்
24 பிப்ரவரி 1988

தமாம்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் முதலில் செய்த வேலை கொல்லனிடம் போனதுதான். என் விரல் தடிமனுக்கு ஒரு இரும்புத் தாழ்ப்பாள். உள்பக்கம் வைத்தாயிற்று. பிளாஸ்டிக் உறையைக் கழற்றி எறிந்தேன். நானே ஒரு நாள் மத்தியானம் அந்தக் கட்டிலில் படுத்துப் பார்த்தேன். நீ சொன்னது சரி, கண்ணாடியில் என் மூஞ்சி எனக்கே சகிக்கவில்லை. அதன்மேல் துணியை அடித்துவிட்டேன். சுவிட்சைக் கட்டிலோரம் மாற்றியாகிவிட்டது. கொக்கி மூன்று, பைக்கு முக்காலி ஒன்று. உன் மரப்பெட்டியையும் அங்கேயே கொண்டுபோய் வைத்தேன். வெல்வெட்டைக் கழற்றி வெள்ளைத் துணி போட்டிருக்கிறேன். மயிலை மட்டும் விட மாட்டேன்.

பிறகு உன் அண்ணனிடம் பேசினேன். அவர் கெட்டவர் இல்லை தமாம். அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வருகிறது. கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன்.

"உங்க தங்கச்சி அங்க அடி வாங்குறா" என்றேன்.

"எந்த வீட்டுல சண்ட இல்ல?"

"கை ஒடிஞ்சது சண்டையா?"

பேப்பரை மடித்து வைத்தார். அப்புறம், "அவ வந்தா மறுபடி பெரியவங்க வருவாங்க. காப்பிய வச்சுட்டு உட்கார்ந்திருப்பாங்க. நான் என்னன்னு சொல்றது? அவ என் ரத்தம், என் வீட்டு ஆளு. சொந்த ஆளத்தானே விட்டுக் குடுக்க முடியும்? ஊர்ல மூஞ்சி காட்ட வேணாமா?" என்றார்.

"அப்ப அந்த ரூம்ல வந்து தங்கற விருந்தாளிய யாராவது வந்து கேட்டா?" என்றேன். சும்மாதான் கேட்டேன், குத்திக் காட்ட.

மனுஷன் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "விருந்தாளியவா? எவன் கேட்பான்? கேட்டா எவன் குடுப்பான்? எங்க தாத்தா காலத்துல ஒருத்தன் ஓடி வந்து எங்க கூடாரக் கயித்தப் பிடிச்சான். வந்தவன் தாத்தாவோட சொந்தப் பங்காளியக் கொன்னவன். ரொட்டிய வாயில போட்டுட்டான். அவ்வளவுதான், விருந்தாளி ஆயிட்டான். மூணு நாளைக்கு யாரு என்னன்னு ஒரு கேள்வி கேட்கல. தேடி வந்தவங்கள வாசலோட திருப்பி அனுப்பினாரு." சொல்லச் சொல்ல அவருக்கு மார்பு விரிகிறது. நான் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டு கேட்டேன். ஊசி விரலில் ஏறியதுகூடத் தெரியவில்லை.

கொலைகாரனுக்கு இடம் இருக்கிறது. கூடப்பிறந்தவளுக்கு இல்லை. சரி, அப்படியே ஆகட்டும்.

இனி நான் சொல்வதைக் கேள். உன் வாய்த்துடுக்கைக் கொஞ்சம் மூட்டை கட்டி வை. அடுத்த வாரம் வியாழக்கிழமை சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் எதிர்வீட்டு அபூ ஃபவ்வாஸும் மற்ற பெரியவர்களும் நம் வீட்டுத் தெரு முற்றத்தில் உன் அண்ணனோடு உட்கார்ந்திருப்பார்கள். அந்த நேரத்துக்கு வா. கொல்லைப்புறம் வழியாக வராதே. நீ கோபப்பட்டாயே, அந்தத் தெருக்கதவு, அதன் முன்னால் வந்து நில். ஹனீன் கையைப் பிடித்துக்கொள். அண்ணா என்று கூப்பிடாதே, அழாதே, நாயிஃப் பெயரை எடுக்காதே. "வீட்டுக்காரரே, விருந்தாளி வந்திருக்கேன்" என்று சொல். சத்தமாகச் சொல், அபூ ஃபவ்வாஸுக்குக் காது மந்தம். உள்ளே போனதும் உப்பும் ரொட்டியும் எடுத்து வாயில் போட்டுக்கொள், பாதாம் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு வேலை செய்யக் கூடாது. சமையலறைக்குப் போகாதே. ஒரு டம்ளரைக்கூடக் கழுவாதே. உன் கை சும்மா இருக்காது என்று எனக்குத் தெரியும். கழுவினால் நீ வீட்டு ஆள், வீட்டு ஆளை விட்டுக் கொடுத்துவிடுவார்.

நான் இருக்க மாட்டேன். புதன்கிழமையே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மாதபாவுக்கு என் அம்மா வீட்டுக்குப் போகிறேன். நான் இருந்தால் நான்தான் உன்னை உபசரிப்பேன், அவர் பேப்பரைப் பிரித்துக்கொள்வார். உனக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டியது அவர் கை. அவருக்கு முட்டை பொரிக்கக்கூடத் தெரியாது. பரவாயில்லை, சாப்பிடு.

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. அவர் எல்லோர் முன்னாலும், "என்ன வெளையாட்டு இது, உள்ள போ" என்று சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது. சொன்னால் நேரே மாதபாவுக்கு வந்துவிடு. நானும் திரும்பிப் போக மாட்டேன்.

இன்திஸார்


கரக்
8 மார்ச் 1988

அண்ணி,

மாதபாவில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பீர்கள். கடிப்பதை நிறுத்திவிட்டுப் படியுங்கள்.

வியாழக்கிழமை வந்தேன். நாயிஃபுக்கு அன்று துறைமுகத்தில் இரட்டை ஷிப்ட். உம்மு லுத்ஃபி கணவர் குறட்டால் பூட்டை வெட்டிக் கொடுத்து, எங்களை பஸ்ஸில் ஏற்றிவிட்டார். நீங்கள் சொன்ன இடத்தில், சொன்ன நேரத்துக்கு நின்றேன். அண்ணன் என்னைப் பார்த்ததும் பாதி எழுந்தார். வாய் "தமா" வரைக்கும் வந்துவிட்டது. நான் முந்திக்கொண்டேன். "வீட்டுக்காரரே, விருந்தாளி வந்திருக்கேன். நானும் என் பொண்ணும்."

அண்ணன் முகம் சிவந்தது, வெளுத்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. யார் ஏற்பாடு என்றும் புரிந்திருக்கும். நான் உங்களைத் திட்டிக்கொண்டே நின்றேன். ஹனீன்தான் என்னைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் அபூ ஃபவ்வாஸ்தான் வாயைத் திறந்தார். "என்னப்பா ஆயித், விருந்தாளிய வாசல்ல நிக்க வச்சே பார்த்துக்கிட்டிருக்க?"

அண்ணன் எழுந்து கதவைத் திறந்தார். "வாங்க" என்றார். பிறந்ததிலிருந்து என்னை "ஏய்" என்று கூப்பிட்டவர், "வாங்க, உள்ள வாங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, அதைவிட அதிகமாக எரிச்சல் வந்தது.

மூன்று நாள் அவர்தான் எல்லாம் செய்தார். முட்டை ஒரு பக்கம் கருகி, ஒரு பக்கம் பச்சையாக இருந்தது. ஹீட்டருக்கு எண்ணெய் ஊற்றும்போது பாதி தரையில். ஒரு கேள்வி கேட்கவில்லை. என் கண்ணோரத்துக் காயத்தைப் பார்த்தார், தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டார். எச்சில் தட்டை அவர் எடுத்துக்கொண்டு போகும்போதெல்லாம் என் கை துடித்தது. பிடித்து வைத்துக்கொண்டேன். தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுத் தூங்கினேன். உங்கள் கட்டில் நல்ல கட்டில். கம்பளியில் கட்டி இல்லை. ஹனீன் மயிலின் கண்ணை எண்ணிக்கொண்டே தூங்கிவிடுகிறாள், அதனால் மயிலைப் பற்றி நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். மற்றதை வாங்கவில்லை.

சனிக்கிழமை நாயிஃப் வந்தார். அதே சித்தப்பா, அதே பெரியவர்கள். தடுப்புச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஒவ்வொரு வார்த்தையும் கேட்டேன். அண்ணன் காப்பி ஊற்றினார். சித்தப்பா கிண்ணத்தை வாங்கி முன்னால் வைத்தார். மற்றவர்களும் வைத்தார்கள்.

"ஆயித், எங்களுக்கு உன்கிட்ட ஒரு தேவை இருக்கு. எங்க மருமகளக் குடுத்து அனுப்பு. அப்புறம் குடிக்கிறோம்."

அண்ணன் வாயிலிருந்து "குடிங்க" என்ற சொல் இப்போது வரும், இப்போது வரும் என்று காத்திருந்தேன்.

"தங்கச்சியக் கேட்டிருந்தீங்கன்னா போன தடவ மாதிரியே குடுத்திருப்பேன்" என்றார். "தப்பா சரியான்னுகூட யோசிச்சிருக்க மாட்டேன். உள்ள இருக்கறது என் விருந்தாளி. அவங்கள எடுத்துக் குடுக்க நான் யாரு?"

நாயிஃப் கத்தினார். "நாடகமா ஆடுறீங்க எல்லாரும்? அவ என் பொண்டாட்டி."

"என் கூரைக்குக் கீழ என் விருந்தாளியப் பத்திச் சத்தம் போட்டுப் பேசாதே" என்றார் அண்ணன். குரலை உயர்த்தவில்லை. "பெரியவங்களே, காப்பி ஆறிடுச்சுன்னா ஆறட்டும். வேற சூடா ஊத்தறேன், குடிச்சுட்டுப் போங்க. இல்லாட்டி அப்படியே போங்க."

அப்படியே போனார்கள். நாயிஃப் கதவை உதைத்துவிட்டுப் போனார். பெரியவர்கள் முன்னாலேயே உதைத்ததால் சித்தப்பாவுக்கே தலை குனிந்துவிட்டதாம், அபூ ஃபவ்வாஸ் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நான் சந்தோஷப்பட வேண்டும், இல்லையா? அன்று முழுக்க எனக்கு ஆத்திரம்தான் அண்ணி. அழுது அழுது ஆத்திரப்பட்டேன். இந்த மனுஷனுக்கு முடியாது என்று சொல்லத் தெரிந்திருக்கிறது. வாய் இருக்கிறது, முதுகெலும்பு இருக்கிறது. போன வருடமும் இருந்தது. வழிப்போக்கனுக்குக் கிடைக்கிற மரியாதை எனக்குக் கிடைக்க, நான் என் சொந்த வீட்டில் வழிப்போக்கியாக வந்து நிற்க வேண்டியிருந்தது. இதை நான் அவரிடம் ஒரு நாள் சொல்லத்தான் போகிறேன். நீங்களும் பக்கத்தில் இருக்க வேண்டும், அதனால் நாளைக்கே கிளம்பி வாருங்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேறு இருக்கிறது.

இன்று காலை கதவைத் தட்டினார். தாழை எடுத்தேன். கையில் காப்பிப் பாத்திரமும் இரண்டு கிண்ணமும் இருந்தன. தரையில் உட்கார்ந்தார். வீட்டுக்காரன் குடிக்க வேண்டிய முதல் கிண்ணத்தைத் தான் குடித்தார். பிறகு எனக்கு ஊற்றிக் கொடுத்தார்.

"கேட்கக் கூடாத நாளெல்லாம் முடிஞ்சு போச்சு" என்றார். "இனி கேட்கலாம். விருந்தாளிக்கு என்ன தேவை?"

இதற்கு என்ன பதில் சொல்வது என்று நீங்கள் எழுதவில்லை. நானும் யோசித்து வைக்கவில்லை.

"இனிமே விருந்தாளியா இருக்க முடியாது" என்றேன். "வீட்டு ஆளா இருக்கணும், யார் கேட்டாலும் குடுக்கக் கூடாது. அதான் தேவை."

அவர் என் கையைப் பார்த்தார், ஒடிந்து கோணலாகக் கூடிய கையை.

"இன்னும் வலிக்குதா?"

"குளிர்ல வலிக்கும்."

தலையை ஆட்டினார். காலிக் கிண்ணத்தை என் பக்கம் நீட்டினார். காப்பிப் பாத்திரத்தையும் என் பக்கம் தள்ளி வைத்தார்.

"அப்ப நீ ஊத்து" என்றார். "வீட்டு ஆளு சும்மா உட்கார்ந்திருக்க, நானா ஊத்தறது?"

ஊற்றினேன் அண்ணி.

தமாம்